கண்ணுக்குள்ள ஒரு ஏர் வெட்ஜ்!

மக்களே, ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ் லேப் ஞாபகம் இருக்கா? இருட்டு ரூம், மஞ்சளா எரியுற சோடியம் லேம்ப், ரெண்டு கண்ணாடித் தகடு, நடுவுல ஒரு தலைமுடி. மைக்ராஸ்கோப்புல வரிவரியா தெரியுறதை எண்ணி முடியோட தடிமனைக் கண்டுபிடிக்கணும். பாதிப் பேர் சீனியரோட ரெக்கார்டுல சுட்ட ரீடிங்லயே கரையேறிடுவாங்க. (ஆர்ட்ஸ் மக்கள் கோவிச்சுக்காதீங்க, இதோ மேட்டருக்கு வந்துட்டேன்!)

அந்த வரிகளுக்குப் பேர் இன்டர்ஃபரன்ஸ். ரெண்டு ஒளி அலைகள் சேரும்போது சில இடத்துல வெளிச்சம் கூடும், சில இடத்துல அணைஞ்சே போகும். இதை வெச்சுத்தான் கண் ஆஸ்பத்திரிகள்ல விழித்திரையைக் கேக் மாதிரி குறுக்கே வெட்டிப் பார்த்தாப்ல படம் எடுக்கிறாங்க. கத்தி இல்லை, ஊசி இல்லை, எக்ஸ்ரே இல்லை. ஓ.சி.டி-னு சொல்வாங்க. விரிச்சா, ஆப்டிகல் கோஹரன்ஸ் டோமோகிராஃபி.

வயித்துக்கு ஸ்கேன் எடுக்கிறப்போ, ஒலி உள்ளே போய் முட்டித் திரும்புற நேரத்தை மெஷின் கணக்குப் பண்ணும். ஒளியிலயும் அப்படியே பண்ணலாமேங்கிறீங்களா? அங்கதான் சிக்கல். ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுற ஆசாமி. விழித்திரையோட தடிமனோ சுமார் கால் மில்லிமீட்டர். அதுக்குள்ள 10 அடுக்கு! ஒரு மில்லிமீட்டர்ல 100-ல் ஒரு பங்கு ஆழத்துக்கு ஒளி போய்த் திரும்புற நேரம் எவ்வளவு தெரியுமா? ஒரு நொடியைக் கோடிகோடித் துண்டா உடைச்சு, அதுல சுமார் ஏழு துண்டு. எந்த சர்க்யூட்டும் அதை நேரடியா அளக்காது.

அதனால நேரத்தை அளக்கிறதையே விட்டுட்டாங்க. ஒளியை ரெண்டாப் பிரிச்சு, ஒண்ணைக் கண்ணுக்கும் இன்னொண்ணைக் கண்ணாடிக்கும் அனுப்பி, திரும்பி வர்றதைச் சேர்க்கிறாங்க. சூட்சுமம் லைட்டுலதான். ஒரே அலைநீளம் இல்லாம பல அலைநீளம் கலந்த ஒளி. இது ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே தூரம் போய் வந்தாத்தான் கைகுலுக்கும், இல்லேன்னா கண்டுக்காது. கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தினா, ஒவ்வொரு ஆழமும் தனித்தனியா மாட்டும். கடிகாரமே வேணாம், ஸ்கேல் போதும்!

1991-ல் 'சயின்ஸ்' இதழ்ல வந்த இந்தக் கட்டுரையோட முதல் பேர், டேவிட் ஹுவாங். அப்போ ஹார்வர்ட் - எம்.ஐ.டி-யில மருத்துவமும் பிஹெச்.டி-யும் சேர்த்துப் படிச்சுட்டிருந்த ஸ்டூடன்ட்! எம்.ஐ.டி. எலெக்ட்ரிக்கல் பேராசிரியர் ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோவும், செயற்கைக்கோள்களுக்கு நடுவே லேசர்ல பேசுற டெக்னாலஜியில வேலை பார்த்த எரிக் ஸ்வான்சனும் கூட்டாளிகள். 2023-ல் மூணு பேருக்கும் லாஸ்கர் விருது. அப்புறம் வந்த மெஷின்கள்ல கண்ணாடி நகர்றதும் போச்சு. திரும்பி வர்ற ஒளியை அலைநீளவாரியாப் பிரிச்சு, ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம் போட்டா எல்லா ஆழமும் ஒரே மூச்சுல வந்துடும். ஆமாங்க, மேத்ஸ் பேப்பர்ல நம்மைக் கதறவிட்ட அதே ஃபூரியர்தான்! 'இது எதுக்கு சார்?'னு கேட்டா 'பத்து மார்க்குக்கு'னு சொல்லாம, இந்தப் படத்தைக் காட்டியிருக்கலாம்.

எல்லா இடத்துலயும் இது ஜெயிக்காது. கண் பளிங்கு மாதிரி இருக்கிறதால தப்பிச்சது. தோல், ரத்தக்குழாய் மாதிரி இடங்கள்ல ஒளி சிதறி, ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டரோட நின்னுடும். கண்லயும் கேட்டராக்ட் முத்தியிருந்தா படம் மங்கும்.

ஆனா சர்க்கரை நோய்க்கு இது ரொம்ப முக்கியம். விழித்திரை ரத்தக்குழாய் கசிஞ்சு வீங்க ஆரம்பிக்கும்போது, பல பேருக்குப் பார்வை நல்லாவே இருக்கும். 'நான்தான் பேப்பர் படிக்கிறேனே'னு அப்பா சொல்றது பொய் இல்லை, ஆனா அது பத்தாது. க்ளாக்கோமாவும் அப்படித்தான். பார்வை குறையுறது தெரியுறதுக்கு முன்னாடியே நரம்பு அடுக்கு மெலிஞ்சுட்டிருக்கலாம். முன்னாடி டாக்டர் மேலிருந்து பார்த்து மதிப்பிட்டது, இப்போ மைக்ரான் கணக்குல நம்பரா வருது.

வீட்ல யாருக்காவது இந்த ஸ்கேன் எடுத்தா, கூடப் போங்க. சில நொடி வேலைதான். மெஷினுக்குள்ள தெரியுற புள்ளியைப் பார்த்துட்டே அசையாம இருக்கச் சொல்வாங்க. முடிஞ்சதும் 'படத்தைக் காட்டுங்க டாக்டர்'னு கேளுங்க. நடுவுல சின்னக் குழி ஒண்ணு தெரியும். நாம எழுத்தைப் படிக்கிற இடம் அதுதான். அந்தக் குழி தூர்ந்து மேடா இருந்தா அங்கே வீக்கம் இருக்கலாம், என்னன்னு அங்கேயே விசாரிச்சுடுங்க.