நம்பர் தெரியாமலே நம்மைத் தேடி வரும் எச்சரிக்கை!

மழைக்கால ஞாயிற்றுக்கிழமை. ஏற்காடு ஏரி நிரம்பி வழிய, அந்த உபரி நீர் சுமார் 300 அடி உயரத்திலிருந்து கிளியூர் அருவியாகக் கொட்டுகிறது. கீழே சேலத்துக்காரர்கள் மட்டுமா? பெங்களூரு, கேரளா என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மேலே மலையில் மழை வலுக்கிறது. எந்த நேரமும் தண்ணீர் கூடலாம். அத்தனை பேருக்கும் ஒரே நொடியில் "மேலே ஏறி வாருங்கள்" என்று சொல்வது எப்படி?

ஒவ்வொருவருக்கும் போன் செய்யலாம். ஆனால், அங்கே இருப்பது யார் யார் என்று யாருக்கும் தெரியாது. நம்பரும் கிடையாது. நம்பர் கிடைத்தாலும், ஆயிரம் பேருக்கு ஆயிரம் அழைப்பு போவதற்குள் வெள்ளம் வந்துவிடும்.

ஒருவருக்கா, குழுவுக்கா, எல்லோருக்குமா?

நெட்வொர்க்கில் ஒரு தகவல் மூன்று விதமாகப் பயணிக்கும். ஒருவருக்கு மட்டும் போனால் யூனிகாஸ்ட். குறிப்பிட்ட குழுவுக்கு மட்டும் போனால் மல்டிகாஸ்ட். எல்லைக்குள் இருக்கும் எல்லோருக்கும் போனால் பிராட்காஸ்ட்.

மல்டிகாஸ்ட்டின் சூட்சுமம் எளிமையானது. அனுப்புபவர் ஒரே ஒரு பிரதிதான் அனுப்புவார். பாதை பிரியும் இடத்தில் மட்டும் நெட்வொர்க்கே அதை நகல் எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த ஸ்டீவ் டீரிங், இன்டர்நெட்டில் இதைச் செய்வதற்கான விதிமுறையை 1989-ல் வெளியிட்டார்.

"எங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பும் அதுதானே?" என்று கேட்கலாம். பார்வைக்கு அப்படித்தான். ஆனால், உள்ளே நடப்பது வேறு. குரூப்பில் போடும் ஒரு மெசேஜை, சர்வர் ஒவ்வொரு உறுப்பினரின் போனுக்கும் தனித்தனியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. டேட்டா இல்லாதவருக்கு அது வராது. குரூப்பில் இல்லாதவருக்கும் வராது.

டவர் கூவினால் போதும்!

இதற்குத்தான் 'செல் பிராட்காஸ்ட்' இருக்கிறது. எந்தெந்த செல்போன் டவர்கள் என்று தேர்வு செய்து, அவற்றுக்கு ஒரே செய்தியைக் கொடுத்துவிடுவார்கள். அந்த டவர், தன் எல்லைக்குள் இருக்கும் எல்லா போன்களுக்கும் ஒரே நேரத்தில் அதை ஒலிபரப்பும். ஊர் நடுவே நின்று தண்டோரா போடுவது மாதிரி. கேட்கும் தூரத்தில் இருப்பவர் உள்ளூர்க்காரரா, வெளியூர்க்காரரா என்று தண்டோராவுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

இதில் இரண்டு நன்மைகள். ஒன்று, நம்பர் தேவையில்லை. கேரள சிம் வைத்திருப்பவர் கிளியூரில் நின்றால், கிளியூருக்கான எச்சரிக்கை அவருக்கும் வரும். இரண்டாவது, எல்லோரும் ஒரே நேரத்தில் போன் செய்து லைன் கிடைக்காமல் திண்டாடும்போதும், இது தனிப் பாதையில் வருவதால் நெரிசலில் சிக்காது.

தமிழ்நாட்டில் 2023 அக்டோபர் 20 அன்று இதன் சோதனை நடந்தது. திடீரென்று போன்கள் அலறி, அதிர்ந்து, திரையில் ஒரு செய்தி வந்து நின்றது நினைவிருக்கலாம். மத்திய அரசின் சி-டாட் நிறுவனம் உருவாக்கிய அமைப்பு அது.

உயிர் காத்த ஒலிபெருக்கி

ஒரு எச்சரிக்கையின் மதிப்பு என்ன என்பதற்கு நல்லவாடு சாட்சி. புதுச்சேரியைச் சேர்ந்த மீனவ கிராமம் இது. கடல் அலை, வானிலைத் தகவல்களை மீனவர்களுக்கு அறிவிக்க, எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையம் ஒன்று அங்கே ஒலிபெருக்கியோடு இயங்கிவந்தது. 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தி அறிந்து ஊருக்கு போன் செய்தார். உடனே ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊர் உயிர் தப்பியது. படகுகளும் வீடுகளும்தான் போயின.

அந்த போன் அழைப்பு ஒருவரிடம்தான் வந்தது. ஊரைக் காப்பாற்றியது, அதை ஒரே நேரத்தில் எல்லோருக்கும் சொன்ன ஒலிபெருக்கி.

மலையில் இருக்கும் சிக்கல்

ஏற்காடு வட்டாரத்தில் 67 மலைக் கிராமங்கள். சேலத்திலிருந்து ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அதுபோன்ற நேரத்தில், மேலே ஏறக் கிளம்பும் காருக்கு அடிவாரத்திலேயே தகவல் கிடைத்தால் எவ்வளவு நல்லது!

ஆனால், செல் பிராட்காஸ்ட் ஒன்றும் மந்திரமல்ல. டவருக்குக் கரன்ட் போய், பேட்டரியும் தீர்ந்துவிட்டால் அது ஊமை. மலை மடிப்புகளில் சிக்னல் இல்லாத இடங்களுக்கும் செய்தி எட்டாது. ஃபிளைட் மோடில் இருக்கும் போனுக்கும் வராது. அதனால் அருவிக்கரையில் ஒரு மைக்கும், விசில் ஊதும் ஒரு ஆளும் இன்றைக்கும் தேவை.

நீங்கள் செய்ய வேண்டியது

* ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸ் போய், 'சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி' பகுதியில் 'வயர்லெஸ் எமர்ஜென்சி அலர்ட்ஸ்' ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். போனுக்கு போன் இடம் மாறலாம். செட்டிங்ஸில் 'அலர்ட்' என்று தேடினாலும் கிடைக்கும்.

* வீட்டுப் பெரியவர்களின் போனையும் பார்த்துவிடுங்கள். அந்தச் சத்தம் எதற்கு வரும் என்று சொல்லியும் வையுங்கள். தெரியாவிட்டால் பயந்துபோய் போனை அணைத்துவிடுவார்கள்.

* உண்மையான எச்சரிக்கை ஓ.டி.பி கேட்காது, பணம் கேட்காது. அப்படிக் கேட்டால் அது மோசடி.

அடுத்த முறை கிளியூரில் போன் அலறினால், 'சோதனையாகத்தான் இருக்கும்' என்று நினைத்து இன்னொரு செல்ஃபிக்கு நிற்காதீர்கள். முதலில் படியேறிவிடுங்கள். பக்கத்தில் நிற்பவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். அவர் போனில் சார்ஜ் இல்லாமல் இருக்கலாம்!