தேர்தலில் நிற்கப் போகும் என் மாணவனுக்கு

பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். உள்ளாட்சித் தேர்தலில் நிற்கப் போகிறானாம். "ஆசீர்வாதம் பண்ணுங்க டீச்சர்" என்று காலில் விழுந்தான். எந்தத் தெருவில் எத்தனை ஓட்டு, எவ்வளவு செலவாகும் என்று எல்லாம் விரல்நுனியில் வைத்திருக்கிறான். "சரிப்பா, தோத்துட்டா என்ன செய்வே?" என்று கேட்டேன். "அப்புறம் அந்தப் பக்கமே போக மாட்டேன் டீச்சர்" என்று சிரித்தான். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

நம் ஜில்லாவில் டாக்டர் சௌந்தரம் அம்மா என்று ஒருவர் இருந்தார். இன்றைய பிள்ளைகளுக்குப் பெயர்கூடத் தெரியாது. டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய சுந்தரம் ஐயங்காரின் மகள். சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர், டில்லி போய் மருத்துவம் படித்தார். 1940ல் காந்தியின் ஆசியோடு ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். அது விதவை மறுமணம், சாதி கடந்த திருமணமும்கூட. அந்தக் காலத்தில் எவ்வளவு பேச்சு வாங்கியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

சுதந்திரம் வந்த அதே 1947ல் சின்னாளபட்டிப் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். கஸ்தூரிபா ஆஸ்பத்திரி இரண்டு படுக்கையோடு ஆரம்பித்தது என்பார்கள். தேர்தலில் நின்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். 1952ல் ஆத்தூரிலும் 1957ல் வேடசந்தூரிலும் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனார். 1962ல் திண்டுக்கல் எம்.பி., மத்தியக் கல்வித் துணை அமைச்சர். அதே வருஷம் பத்மபூஷண்.

1967ல் தோற்றுப் போனார். அப்போது எனக்கு எட்டு வயசு இருக்கும். ரூபாய்க்கு மூணு படி அரிசி என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் கோபமும் ஆறவில்லை. காமராஜரே விருதுநகரில் தோற்ற தேர்தல் அது. இத்தனை செய்தவரை ஜனங்கள் நன்றியில்லாமல் தோற்கடித்துவிட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஓட்டு நன்றிக்கடன் இல்லை. ஆட்சி பிடிக்காவிட்டால் மாற்றுவது ஜனங்களின் உரிமை.

அதற்கு அப்புறம் அவர் செய்ததைத்தான் என் மாணவன் தெரிந்துகொள்ள வேண்டும். கோபித்துக்கொண்டு மதுரைக்கோ சென்னைக்கோ போய்விடவில்லை. காந்திகிராமத்து வேலையிலேயே இருந்தார். அவர்கள் 1956ல் தொடங்கிய கிராமியக் கல்வி நிறுவனம் 1976ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. 1984ல் அவர் காலமானார். கஸ்தூரிபா ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள் என் வகுப்பிலேயே எத்தனையோ பேர் இருந்தீர்கள். உங்கள் அம்மாவைக் கேளுங்கள், சொல்வார்கள்.

"அவங்க பணக்கார வீட்டுப் பொண்ணு டீச்சர், நமக்கு முடியுமா?" என்று நீ கேட்பாய். நியாயமான கேள்விதான். ஆஸ்பத்திரி கட்ட உன்னால் முடியாது. ஆனால் உன் தெருக் குழாயில் பத்து நாளாகத் தண்ணீர் வரவில்லை என்றால் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் மனு கொடுக்கலாம். ஒரு பாட்டியின் முதியோர் பென்ஷன் நின்று போனால் தாலுகா ஆபீசுக்கு அழைத்துப் போகலாம். இதற்குப் பதவியும் வேண்டாம், லட்சக்கணக்கில் செலவும் வேண்டாம். தேர்தலுக்கு முன்னாலும் செய்யலாம், தோற்ற மறுநாளும் செய்யலாம்.

எந்தக் கட்சி என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். கடன் மட்டும் வாங்கிச் செலவு செய்யாதே. போட்ட பணத்தை எடுக்கணும் என்ற நினைப்பு வந்துவிட்டால் உன்னை நீயே காப்பாற்ற முடியாது.

ஜெயித்தால் வீட்டுக்கு வாப்பா. தோற்றாலும் கட்டாயம் வா. டீச்சர் காபி போட்டு வைக்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்