மீன் தின்னும் புண்ணாக்கை யார் பார்த்தார்கள்?

மீன் வாங்கும்போது நாம் என்ன பார்க்கிறோம்? செவுளைத் தூக்கிப் பார்ப்போம், சிவப்பா இருக்கா என்று. கண் பளபளன்னு இருக்கா? விரலால் அழுத்தினால் குழி விழுதா? எல்லாம் சரிதான். ஆனால், அந்த மீன் உயிரோடு இருந்தபோது எதைத் தின்றது என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா?

கடல் மீன் தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும். கட்லா, ரோகு கதை வேறு. இவை குளத்தில் வளர்க்கப்படுபவை. ஆந்திராவில் கொல்லேறு ஏரியைச் சுற்றியுள்ள குளங்களில் அரிசித் தவிட்டோடு கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு கலந்து, ஓட்டை போட்ட சாக்குகளில் அடைத்துக் குளத்தில் கட்டிவிடுவார்கள். மீன்கள் வந்து கொத்தித் தின்னும். நல்ல தீனிதான். ஆனால் மூட்டையில் ஈரம் ஏறினால் வந்தது வினை!

ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் புண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சை பிடிக்கும். அது கக்கும் நஞ்சுக்கு அஃப்ளாடாக்ஸின் என்று பெயர். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்து விழுந்தன. துருவிப் பார்த்தால், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு! அதே சமயத்தில் அமெரிக்காவின் டிரவுட் மீன் பண்ணைகளில் மீன்களுக்கு ஈரல் புற்றுநோய் பரவலாக வந்தது. அங்கே குற்றவாளி, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு.

மனிதர்களையும் இது விட்டு வைக்கவில்லை. 1974-ல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு, மஞ்சள் காமாலை கண்டு 106 பேர் இறந்தார்கள். இது ஒரேயடியாக நிறையச் சாப்பிட்டதால் வந்த ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாக வருஷக்கணக்கில் உள்ளே போனால் ஈரல் புற்றுநோய். ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு.

"அப்போ மீனே வேண்டாமா டாக்டர்?" என்று பதறாதீர்கள். தாராளமாகச் சாப்பிடுங்கள். மீனுக்குள் போகும் நஞ்சு பெரும்பாலும் ஈரலைத்தான் தாக்குகிறது. சதையில் தங்குவது பொதுவாக மிகக் குறைவு. மீனைப் பார்த்துப் பயப்படுவதைவிட, அதற்குப் போட்ட தீவனத்தைப் பற்றிக் கேட்பதுதான் புத்திசாலித்தனம். கெட்ட தீவனத்தால் முதலில் நஷ்டப்படுவதும் மீன் வளர்ப்பவர்தான். மீன் பெருக்காது, சோகை பிடிக்கும், நோய் சுலபமாகத் தொற்றும்.

பாலில் இந்த நஞ்சு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் சட்டமே இருக்கிறது. பாலில் அதைத் தேடுவதைவிட, தீவன மூட்டையிலேயே பிடிப்பது சுலபமில்லையா? குளத்துக்குப் போகும் ஒவ்வொரு மூட்டையிலும் பூஞ்சை நஞ்சுச் சோதனை செய்த தேதியையும் முடிவையும் அச்சடிக்க வேண்டும். சில்லறையாக விற்கும் புண்ணாக்குக்கும் இது பொருந்த வேண்டும். மீன் வளர்ப்பவர் கேட்டால்தான் வியாபாரி தருவார். நாம் கேட்டால்தான் மீன் வளர்ப்பவர் கேட்பார்!

நம் வீட்டில் செய்ய வேண்டியதும் இருக்கிறது. மீனைக் கழுவும்போது குடலையும் ஈரலையும் சுத்தமாக எடுத்துவிடுங்கள். பூசணம் பூத்த கருவாட்டைத் துடைத்துக் காயவைத்துக் குழம்பு வைக்காதீர்கள். கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் இந்த நஞ்சு முழுசாக அழியாது. நிறம் மாறிய, சுருங்கிய, பூசணம் பிடித்த வேர்க்கடலையைப் பொறுக்கி எறியுங்கள்.

எறிவது என்றால் குப்பையில். "நமக்கு ஆகாது, மாட்டுக்குப் போடு, குளத்தில் கொட்டு" என்கிற பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. வீணாக்கக் கூடாதுங்கிற நல்ல எண்ணம்தான். ஆனால் பூஞ்சை பிடித்த தீனியை மாடு இன்று தின்றால், நஞ்சின் ஒரு பகுதி ஒரே நாளில் பாலில் வந்துவிடும். அந்தப் பாலைக் குடிப்பது யார்? நம் வீட்டுக் குழந்தைதானே!

நாம் தின்னத் தயங்குவதை, நமக்கு உணவு தருகிற எந்த வாயில்லா ஜீவனுக்கும் போடாதீர்கள்.