தபால் தலைகளை எப்படி அடுக்குவது?

தபால் தலை சேகரிப்பைப் 'பொழுதுபோக்குகளின் அரசன்' என்று புகழாத பள்ளி மலர் இல்லை. அந்த அரசனை எங்கே, எந்த வரிசையில் அமர்த்துவது என்பதைத்தான் எவரும் எழுதுவதில்லை. பத்தாம் வகுப்பில் இதைப்பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. பறவைக்கு ஒரு பக்கம், பூவுக்கு ஒரு பக்கம், ரயிலுக்கு ஒரு பக்கம் என்று படத்தைப் பார்த்து ஒட்டுவோர் ஒரு கட்சி. நாட்டின்படியும் ஆண்டின்படியுமே ஒட்டவேண்டும் என்போர் மற்றொரு கட்சி. நாங்கள் இரண்டாம் கட்சி.

படக் கட்சித் தோழியரின் ஆல்பம் கண்ணுக்கு அழகு என்பதை மறுக்கமாட்டோம். கண்காட்சி நாளில் பெற்றோர் முதலில் நிற்பதும் அவர்கள் மேசையருகில்தான். ஆனால் படம் மட்டும் தெரிந்தால் போதுமா? ரோமாபுரியிலிருந்து மடத்துக்குக் கடிதம் வந்தால் சிஸ்டர்கள் உறையின் மூலையை எங்களுக்காக வைத்திருப்பார்கள். பாப்பரசரின் ஆசனம் காலியாக இருக்கும் இடைக்காலத்தில் வத்திக்கான் தனித் தபால் தலை வெளியிடுவது வழக்கம். குடையும் திறவுகோல்களும் அவற்றில் காணப்படுவதுண்டு. படத்தின்படி அடுக்கினால் அதைக் குடைகளின் பக்கத்தில் அல்லவா ஒட்டவேண்டும்! ஆண்டின்படி அடுக்கிப் பாருங்கள். 1978ஆம் ஆண்டில் அத்தகைய தலைகள் இருமுறை வந்திருக்கும். ஆறாம் சின்னப்பர் ஆகஸ்டில் மறைந்தார்; அடுத்து வந்த முதலாம் அருள் சின்னப்பர் 33 நாட்களே இருந்தார். ஒரே பக்கத்தில் அந்த ஆண்டின் துயரம் முழுவதும் தெரிகிறது.

எங்கள் கட்சிக்குள்ளும் சண்டை இல்லாமல் இல்லை. திருவிதாங்கூர் தலைகளை எங்கே வைப்பது? சங்குப் படம் போட்டு, சக்கரக் கணக்கில் விலை குறித்து, 1888 முதல் வந்தவை அவை. குமரி மாவட்டத்துத் தாத்தா பாட்டிமார் அந்த 'அஞ்சலில்' கடிதம் போட்டவர்கள். இந்தியப் பக்கத்தில் வைப்போம் என்றாள் ஒருத்தி. நாகர்கோவில் இன்று தமிழ்நாடுதானே, தமிழ்நாடு என்று எழுதுவோம் என்றாள் மற்றொருத்தி. தமிழ்நாடு எந்தக் காலத்தில் தபால் தலை வெளியிட்டது? கடைசியில், தனக்கென்று தபால் நடத்திய அரசுக்குத் தனிப் பக்கம் என்று தீர்த்தோம். 1949இல் திருவிதாங்கூர்-கொச்சி, 1951இல் அஞ்சல் இந்தியத் தபாலோடு சேர்ந்தது, அங்கே பக்கம் முடிகிறது. குமரி தமிழ்நாட்டோடு இணைந்தது அதற்கும் பின்னால், 1956இல்.

இலங்கைக்கு இந்தத் தொல்லை இல்லை. 1972 வரை சிலோன், பிறகு ஸ்ரீலங்கா. பெயர்தான் மாறியது, பக்கம் ஒன்றே. பிரிட்டன் தன் தலைகளில் நாட்டின் பெயரையே போடுவதில்லை. புதிதாகச் சேர்ப்போர் மன்னர் அல்லது அரசியின் தலையைப் பார்த்துக் கண்டுகொள்ளவேண்டும்.

கிடைக்காத ஆண்டுக்கு இடம் விட்டே ஒட்டுகிறோம். இந்தியப் பக்கத்தில் முதல் இடம் காலி. சுதந்திர இந்தியாவின் முதல் தபால் தலை, 1947 நவம்பர் 21இல் வந்த கொடிப் படம், எங்களிடம் இல்லை. அந்தக் காலி இடத்தைப் பார்த்து அம்மாமார் சிரிக்கிறார்கள். இல்லாதது எது என்று தெரிவதே எங்களுக்குப் பெரிய லாபம். பிஸ்கட் டப்பாவில் குவித்து வைத்தவளுக்கு அது தெரியாது. அந்த டப்பாவும் வீட்டைச் சுத்தம் செய்யும் நாளில் பழைய பேப்பர்காரரிடம் போய்விடும். வரிசையாய் ஒட்டிய ஆல்பத்தை யாரும் அப்படித் தூக்கிக் கொடுப்பதில்லை.

இப்போது வீடுகளுக்குக் கடிதம் வருவது அருமையாகிவிட்டது. புதுத் தலைகளைவிடப் பழைய டிரங்குப் பெட்டிகளையே நம்பியிருக்கிறோம். ஆகையால் பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம்: பழைய உறைகள் அகப்பட்டால் தலையை மட்டும் பிய்த்து எடுக்காதீர்கள். முத்திரையில் உள்ள ஊரும் தேதியும் சேர்ந்து வரும்படி, சுற்றிலும் இரண்டு விரல் அகலம் விட்டுக் கத்தரித்துக் கொடுத்தனுப்புங்கள்.