அனுபவம் என்றொரு வசவு

பொங்கலுக்கு ஆமத்தூர் போயிருந்தபோது வீட்டு கேட்டில் தாழ்ப்பாள் மாட்ட ஒரு துளை தேவைப்பட்டது. ஆங்கிள் இரும்பில் 10 மில்லிமீட்டர் துளை. மாமாவின் லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் நானே டிரில்லில் பிட்டை மாட்டி அழுத்தினேன். கிரீச்சென்று சத்தம் வந்தது, புகை வந்தது, துளை மட்டும் வரவில்லை.

"பிட்டு போயிருச்சு மாமா. புதுசு ஆர்டர் போட்டுட்டேன், நாளைக்கு வந்துரும்."

அவர் பிட்டைக் கழற்றி முனையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "போகலை மாப்ள, மழுங்கியிருக்கு. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமலா நாலு வருசம் இஞ்சினியரிங் படிச்ச?"

கிரைண்டரைப் போட்டார். (கிரைண்டர் என்றதும் இட்லி மாவு ஞாபகம் வருகிறவர்களுக்கு: இது மோட்டாரின் இரண்டு பக்கமும் சாணைக்கல் சுழலும் பெஞ்ச் கிரைண்டர்.) ஒரு நிமிடம் ஆகியிருக்காது. அதே பிட், அதே ஆங்கிள், இரண்டு பக்கமும் இரும்பு சுருள் சுருளாக எழுந்து வந்தது.

பெங்களூர் திரும்பியதும் இதை நண்பர்கள் இருவரிடம் சொன்னேன். ஒருவர், "ஒரு பிட்டு இருநூறு ரூபாய். தூக்கிப் போட்டுட்டு வேலையைப் பாக்குறதுதான் எகனாமிக்ஸ்" என்றார். இன்னொருவர் இலக்கிய வாசகர். கண்கள் பளபளக்க, "அது கையில இருக்கிற ஞானம். சொல்லிக் குடுக்க முடியாது, அனுபவத்துல வரணும்" என்றார். முதலாமவர் அந்தக் கையை மதிக்கவில்லை. இரண்டாமவர் கும்பிடுகிறார். இந்தக் கட்டுரை இருவருக்கும் எதிரானது, கும்பிடுகிறவருக்குக் கொஞ்சம் கூடுதலாக.

மாமா செய்தது என்ன? பிட்டைக் கல்லின் முகத்துக்கு ஏறக்குறைய 59 டிகிரி சாய்வில் பிடித்தார். வெட்டும் விளிம்பு தரைக்கு இணையாக இருந்தது. விளிம்பு கல்லைத் தொட்டதும் வால்பக்கத்தை மெல்லக் கீழே இறக்கினார். பிறகு பிட்டை அரைச்சுற்று திருப்பி, அடுத்த விளிம்புக்கும் அதையே அத்தனை தடவை செய்தார். அவ்வளவுதான்.

ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. பொது வேலைக்கான பிட்டில் இரண்டு விளிம்பும் சேர்ந்து 118 டிகிரிக் கோணம் அமைக்கும், அதில் பாதிதான் அந்த 59. விளிம்புக்குப் பின்னால் உள்ள பரப்பு 8 முதல் 12 டிகிரி வரை சரிந்து போக வேண்டும், வாலை இறக்கியது இதற்காக. இந்தப் பின்சரிவு இல்லையென்றால் விளிம்பு இரும்பைத் தொடுவதற்குள் அதன் முதுகு உரசும். நான் கேட்ட கிரீச்சும் பார்த்த புகையும் அதுதான். சரிவு கூடிப்போனால் விளிம்பைப் பின்னாலிருந்து தாங்க உலோகம் இருக்காது, பொக்கை விழும். விளிம்பு ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் அமைந்தால் முனை நடுவை விட்டு விலகும், 10 மில்லிமீட்டர் பிட் 10க்கும் அதிகமாகத் துளை போடும். பித்தளைக்கு வேறு கணக்கு. விளிம்பின் முன்முகத்தைச் சற்றுத் தட்டையாக்காவிட்டால் பிட் பித்தளையைக் கவ்வி இழுக்கும்.

இதில் சொல்ல முடியாதது எது? ஒரு பத்தியில் சொல்லிவிட்டேனே.

"எத்தனை டிகிரி மாமா?" என்று கேட்டபோது அவரும், "டிகிரியெல்லாம் உங்களுக்குத்தான். இது கைப்பழக்கம்" என்றுதான் சொன்னார். ஆனால் கிரைண்டருக்கு மேலே ஆணியில் ஒரு சாமான் தொங்கியது. இரண்டு அறுகோண நட்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பற்றவைத்தது. நட்டின் ஒவ்வொரு மூலையும் 120 டிகிரி. இரண்டு மூலைகள் ஒட்டினால் நடுவில் மிஞ்சும் பள்ளமும் 120. தீட்டிய முனையை அந்தப் பள்ளத்தில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கோணம் சரியா என்று தெரிந்துவிடும். கைப்பழக்கம் என்று சொல்கிற மனிதர் வடிவியல் கருவியை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். அதை அறிவு என்று சொல்ல அவருக்கே கூச்சம். அந்தக் கூச்சத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

பாதிப் பதில் வரலாற்றில் இருக்கிறது. இன்று நாம் பயன்படுத்தும் முறுக்கு வடிவ டிரில் பிட்டுக்கு அமெரிக்காவின் ஸ்டீபன் மோர்ஸ் 1863இல் காப்புரிமை வாங்கினார். பிட் செய்யப்படும் ஹை ஸ்பீடு ஸ்டீல் அந்த நூற்றாண்டின் முடிவில் பெத்லகேம் ஸ்டீல் ஆலையில் உருவானது. உருவாக்கியவர்கள் ஃபிரெடரிக் டெய்லரும் மான்செல் ஒயிட்டும். 1900 பாரிஸ் கண்காட்சியில் அது வெட்டிய வேகத்தைப் பார்த்து உலகம் வாய் பிளந்தது. மேலாண்மைப் பாடத்தில் வரும் 'அறிவியல் மேலாண்மை' டெய்லர்தான் இவர். லேத்தில் நின்று வேலை பார்த்துத்தான் மேலே வந்தார். பல ஆண்டுகள் கடைசல் சோதனைகள் நடத்தி, 1906இல் உலோகம் வெட்டும் கலை பற்றிப் பெரிய அறிக்கை கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. தொழிலாளி தன் கருவியைத் தானே தீட்டக் கூடாது, தனி அறையில் வைத்து ஒரே அளவாகத் தீட்டிக் கொடுக்க வேண்டும், யோசனையெல்லாம் திட்டமிடும் அறைக்குப் போக வேண்டும் என்றார்.

நியாயமாகப் பேசுவோம். பெரிய ஆலைக்கு டெய்லர் சொன்னது சரி. ஆயிரம் துளையும் ஒரே மாதிரி வர இயந்திரம் தீட்டுவதே நல்லது. சிஎன்சி வந்த பிறகு கையால் தீட்டிய பிட்டை அதில் மாட்ட யாரும் துணிய மாட்டார்கள். ஆனால் மூன்று பேர் வேலை பார்க்கும் ஆமத்தூர்ப் பட்டறைக்குத் திட்டமிடும் அறை வரவே இல்லை. அந்த அறை பற்றிய மரியாதை மட்டும் வந்து சேர்ந்தது. கோணம் தெரிந்தவன் அறையில் இருப்பான், பட்டறையில் இருப்பவனுக்கு அனுபவம் மட்டும்தான் உண்டு என்கிற எண்ணம்.

அந்த அறைக்கு ஆள் தயாரிக்கும் இடத்தில்தான் நானும் படித்தேன். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் முதலாண்டு எல்லாப் பிரிவினருக்கும் ஒர்க்‌ஷாப் லேப் இருந்தது. துளை போடும் பயிற்சியும் அதில் இருந்தது. நாங்கள் போனபோது பிட் மாட்டித் தயாராக இருந்தது. நெம்புகோலை இறக்கினோம், ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்தோம், கையெழுத்து வாங்கினோம். கிரைண்டர் மூலையில் இருந்தது. "அதுகிட்ட போகாதீங்கப்பா" என்றார் உதவியாளர். மழுங்கிய பிட் எப்படி இருக்கும் என்று தெரியாமலேயே பொறியாளர் ஆனோம். அதனால்தான் அது "போயிருச்சு" என்றேன்.

இப்போது கும்பிடுகிற நண்பருக்கு வருகிறேன். அனுபவம் தன் தவறைத் தானே கண்டுபிடிக்காது. மாமா பிட்டைத் தீட்டும்போது நுனி நீலமானால், "செத்துப்போச்சு" என்று சொல்லிச் சட்டென்று தண்ணீரில் முக்குவார். பழைய கார்பன் ஸ்டீலுக்கு அந்தப் பயம் சரி, நீலம் பாய்கிற சூட்டில் அது இளகிவிடும். ஹை ஸ்பீடு ஸ்டீல் 600 டிகிரி செல்சியஸ் வரைகூட கடினத்தை விடாது. நீலம் அதைக் கொல்லாது. கடுஞ்சூட்டில் தண்ணீரில் முக்கினால்தான் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். இதை நான் சொன்னபோது ஒரு மணி நேரம் சண்டை போட்டார். அவருடைய குருவுக்குத் தெரிந்தது கார்பன் ஸ்டீல். இரும்பு மாறியது, விதி மாறவில்லை. காரணத்தோடு சொல்லிக்கொடுத்திருந்தால் மாறியிருக்கும்.

எது எந்த இரும்பு என்று பார்க்க ஆய்வுக்கூடமும் வேண்டாம். கல்லில் வைத்தால் கார்பன் ஸ்டீலின் பொறி வெளிச்சமாகக் கிளைத்துப் பூக்கும். ஹை ஸ்பீடு ஸ்டீலின் பொறி மங்கிய சிவப்பாக, பூக்காமல் ஓடும். கம்பி மத்தாப்பில் பூப்பதும் இரும்புத் தூள் எரிவதுதான், அது கிளைப்பதற்குக் காரணம் அதிலுள்ள கார்பன். பட்டாசுத் தொழிலால் வாழ்கிற வட்டாரம் இது. பொறியைப் படிக்க இங்குள்ள பிள்ளைகளுக்கு ஒரு மாலைப் பொழுது போதும்.

அதே வட்டாரத்துக்குப் பொறி என்றால் என்னவென்று இன்னொரு விதமாகவும் தெரியும். மருந்து புழங்கும் அறைக்குள் இரும்புக் கருவி போகக் கூடாது. மரம், பித்தளை, செம்புதான். விபத்து நடந்த மறுநாள் செய்தியில் 'உராய்வு' என்று வரும், சில நாளில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று வரும். அறிவுக்கு அனுபவம் என்று பெயர் வைத்துவிட்டால், அதைக் கற்றுக்கொடுக்காத குற்றத்துக்குக் கவனக்குறைவு என்று பெயர் வைத்துவிடலாம். கற்றுக்கொடுக்க வேண்டியவர் தப்பித்துவிடுவார்.

பட்டறையில் இருபது வயதுப் பையன் ஒருவன் வேலை பார்க்கிறான். கண்ணாடி இல்லாமல் கிரைண்டர் முன்னால் நிற்கிறான். 6 அங்குலக் கல் நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. உடைந்து பறக்கும் சில்லுக்கும் அதே வேகம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 30ஆம் பிரிவில், சாணைக்கல்லின் உச்ச வேகத்தை அருகில் எழுதி வைக்கச் சொன்னது. 35ஆம் பிரிவில் கண்ணுக்குப் பாதுகாப்பு கேட்டது. மின்சாரம் உள்ள இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் தொழிற்சாலை என்றும் அதுவே சொன்னது. மூன்று பேர் பட்டறைக்குக் கண் கணக்கில் வரவில்லை.

"ஏன் தம்பி கண்ணாடி போடல?"

"அண்ணாச்சியே போட மாட்டாருண்ணே. போகப் போகப் பழகிரும்."

எது பழகிரும்? இதுதான் நான் எதிர்க்கும் சொல். கல் மாட்டும் முன் லேசாகத் தட்டிப் பார்த்து, கணீரென்று கேட்டால் மட்டும் மாட்ட வேண்டும். தாங்குபலகைக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. துணிக் கையுறை கூடாது. இரும்பு தீட்டும் கல்லில் அலுமினியம் தேய்க்கக் கூடாது. இவை பழகி வருபவை இல்லை, சொன்னால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடுபவை. சொல்லாவிட்டால் ஒரு கண்ணை விலையாகக் கொடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கைக்குப் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் பையனும் நானும் கண்ணாடி மாட்டிக்கொண்டு பழைய பிட்டுகளைத் தீட்டிப் பார்த்தோம். ஏழாவது பிட் வெட்டியது. சுருள் ஒரு பக்கம் மட்டும் வந்தது. துளையை அளந்தால் 10.6.

"ஏன் பெருசாச்சு?" என்றார் மாமா.

"ஒரு விளிம்பு நீளம் மாமா."

"சரி. எந்த விளிம்பு?"

பிட்டை நட்டுப் பள்ளத்தில் வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். பையனும் எட்டிப் பார்த்தான்.

"அந்தப் பக்கம்ணே" என்றான். அவன் சொன்னதுதான் சரி.