சமய அமைப்புகளின் தன்னாட்சி எதுவரை?

ஒருவரை அவருடைய சமயத் தலைமை சமூகத்திலிருந்து விலக்கி வைக்கிறது. அவர் வழிபாட்டிடத்திற்குள் வரக்கூடாது. இறந்தால் சமூகத்தின் அடக்கத்தலத்தில் இடமில்லை. உற்றார் உறவினர் அவருடன் பேச்சும் கொடுக்கல் வாங்கலும் வைத்துக்கொள்ளக் கூடாது. இது சமயத்தின் உள்விவகாரமா, அல்லது குடிமகனின் உரிமை மீது தொடுக்கப்பட்ட தாக்குதலா? குடியரசின் தொடக்க ஆண்டுகளிலேயே எழுந்த இக்கேள்வி அரை நூற்றாண்டுக்கு மேலாக உச்ச நீதிமன்றத்தைச் சுற்றி வருகிறது. இதில் இடதுசாரிகளின் நிலைபாடு ஐயத்திற்கு இடமின்றி இருப்பது அவசியம்.

1949ஆம் ஆண்டு பம்பாய் மாகாணம் சமூக விலக்கத்தைத் தடை செய்து சட்டம் இயற்றியது. அதை எதிர்த்து தாவூதி போரா சமூகத்தின் தலைவரான சையத்னா தாஹிர் சைபுதீன் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1962 ஜனவரியில் ஐந்து நீதிபதிகளில் நால்வர் அச்சட்டம் செல்லாது என்றனர். சமய அடிப்படையில் ஒருவரை விலக்குவது சமூகத்தின் கட்டுக்கோப்பைக் காக்கும் வழி; எனவே சமய விவகாரங்களைத் தாமே நடத்திக்கொள்ளும் உரிமையை வழங்கும் 26(ஆ) பிரிவு அதைப் பாதுகாக்கிறது என்பது அவர்களின் முடிவு. தலைமை நீதிபதி பி.பி. சின்ஹா மட்டும் மாறுபட்டார். விலக்கப்பட்டவர் தம் சமூகத்திற்குள் தீண்டத்தகாதவராக ஆக்கப்படுகிறார். அவருடைய மனித மாண்பைக் காப்பதே இச்சட்டத்தின் நோக்கம் என்று அவர் வாதிட்டார். தீண்டாமையை ஒழித்த 17ஆவது பிரிவின் உணர்வோடு அவர் இதை இணைத்துப் பார்த்தது குறிப்பிடத்தக்கது.

பெரும்பான்மைத் தீர்ப்பின் விளைவு வெறும் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. போரா சமூகத்திற்குள் எழுந்த சீர்திருத்த இயக்கத்தினர் நிதிக் கணக்கையும் சனநாயக நிர்வாகத்தையும் கேட்டபோது, விலக்கமே அவர்களுக்கு எதிரான ஆயுதமாயிற்று. அறிஞர் அஸ்கர் அலி இன்ஜினியர் போன்றோர் இப்போராட்டத்தை நீண்ட காலம் முன்னெடுத்தனர். 1962 தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கோரும் மனு 1986இல் தாக்கலாயிற்று. 2023 பிப்ரவரியில்தான், ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஒன்பது நீதிபதிகள் அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. கண்ணியத்தோடு வாழும் உரிமையைத் தரும் 21ஆவது பிரிவோடு சமய அமைப்பின் உரிமையைச் சீர்தூக்க வேண்டும் என்று அந்த அமர்வு கருதியது. ஒரு மனுவை அடுத்த அமர்வுக்கு நகர்த்தவே 37 ஆண்டுகள் ஆயின என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

சட்டச் சிக்கல் எங்கே இருக்கிறது? 25ஆவது பிரிவு தனிமனிதருக்கு மனச்சான்றுச் சுதந்திரத்தை அளிக்கிறது. ஆனால் அது பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றோடு ஏனைய அடிப்படை உரிமைகளுக்கும் உட்பட்டது. சமயம் சார்ந்த பொருளியல், நிதி, அரசியல் நடவடிக்கைகளை முறைப்படுத்தவும் சமூகச் சீர்திருத்தம் செய்யவும் அரசுக்கு அதிகாரம் உண்டு. 26ஆவது பிரிவு சமய உட்குழுக்களுக்கு உரிமை அளிக்கிறது. அங்கே பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் என்ற வரம்புகள் மட்டுமே கூறப்பட்டுள்ளன. இந்த வேறுபாட்டைப் பற்றிக்கொண்டே, அமைப்பின் உரிமை உறுப்பினரின் உரிமைக்கு மேற்பட்டது என்ற வாதம் கட்டப்படுகிறது.

இவ்வாதத்திற்கு மறுமொழி 1957ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே உள்ளது. மங்களூருக்கு அருகிலுள்ள முல்கி வேங்கடரமணர் கோயில் கௌட சாரஸ்வதப் பிராமணருக்கே உரியது என்றும், சென்னை மாகாணத்தின் 1947ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசச் சட்டம் தங்களைக் கட்டுப்படுத்தாது என்றும் அதன் நிர்வாகிகள் வாதிட்டனர். கோயில் அவ்வுட்குழுவினருடையது என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆயினும் கதவைத் திறக்கச் சொன்னது. குறிப்பிட்ட சில சடங்குகளைத் தமக்கே உரியதாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் பொதுவழிபாட்டிலிருந்து மக்களை முற்றாக விலக்க முடியாது என்றது. அமைப்பின் உரிமை உண்டு, அது முடிவற்றதன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1954ஆம் ஆண்டின் சிரூர் மடம் தீர்ப்பு வேறொரு பாதையைத் திறந்தது. எது சமயத்தின் இன்றியமையாத பகுதி என்பதை அந்தச் சமயத்தின் கோட்பாட்டைக் கொண்டே அறிய வேண்டும் என்றது அது. நாளடைவில் நீதிபதிகளே சாத்திரங்களைப் புரட்டி, இன்றியமையாதது எது, ஒட்டிக்கொண்டது எது என்று தீர்ப்பளிக்கும் நிலை உருவாயிற்று. இது சரியான அளவுகோல் அன்று. ஒரு கொடுமை சாத்திரத்தில் வேரூன்றியிருந்தால் அது நியாயமாகிவிடுமா? சாத்திரத்தில் இல்லாத எளிய வழக்கம் ஒன்று யாருக்கும் தீங்கு செய்யாதபோது அதைத் தடுக்கத்தான் வேண்டுமா? கேட்கவேண்டிய கேள்வி வேறு: இந்த நடைமுறை ஒரு மனிதரின் சமத்துவத்தையும் மாண்பையும் வாழ்வுரிமையையும் பறிக்கிறதா என்பதே அது.

இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் எல்லைகள் தெளிவாகும். கோட்பாடு, வழிபாட்டு முறை, பூசைக்குரிய நேரம் ஆகியவற்றில் அரசுக்கு வேலையில்லை. சொத்தும் நிதியும் உலகியல் விவகாரங்கள். அவற்றைச் சட்டம் முறைப்படுத்தலாம், ஆனால் நிர்வாக உரிமையை அடியோடு பிடுங்கிக்கொள்ள முடியாது. மனிதரின் மீது செலுத்தப்படும் அதிகாரம் மூன்றாவது வகை. ஒருவர் தம் நெறியைப் பின்பற்றவில்லை என்று ஓர் அமைப்பு அறிவிக்கலாம். ஆனால் அவருடைய பிழைப்பையும் உறவையும் அடக்கத்தையும் மறுக்கும் தண்டனையை விதிக்க அதற்கு உரிமை இல்லை. தண்டிக்கும் அதிகாரத்தைக் குடியரசு எந்த மடத்திற்கும் சமயத் தலைமைக்கும் ஒப்படைக்கவில்லை.

இன்னொரு பக்கத்தையும் மறத்தல் ஆகாது. சீர்திருத்தத்தின் பெயரால் சிறுபான்மையினரை ஒடுக்குவோர் இன்று ஒன்றிய ஆட்சியில் இருக்கிறார்கள். முத்தலாக் செல்லாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் கூறியபோது பெண்ணுரிமை பேசியவர்கள், 2018 செப்டம்பரில் சபரிமலையில் எல்லா வயதுப் பெண்களும் நுழையலாம் என்ற தீர்ப்பு வந்ததும் நம்பிக்கையின் காவலராக மாறித் தெருவில் இறங்கினார்கள். தீர்ப்பாலேயே செல்லாமற்போன முத்தலாக்கிற்கு 2019இல் மூன்றாண்டுச் சிறையை விதித்தார்கள். 2025ஆம் ஆண்டு வக்பு திருத்தச் சட்டம் வக்பு வாரியங்களில் முஸ்லிம் அல்லாதோரை நியமிக்க வழிசெய்தது. இந்து அறநிலையச் சட்டங்களிலோ நிர்வாகப் பொறுப்பில் இருப்போர் இந்துக்களாகவே இருத்தல் வேண்டும் என்ற விதி பரவலாக உள்ளது. அச்சட்டத்தின் சில கூறுகளை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் இடைக்காலமாக நிறுத்தி வைத்தது. ஒரு சமயத்திற்கு ஓர் அளவுகோல், இன்னொன்றுக்கு வேறு அளவுகோல் என்பது சீர்திருத்தம் அன்று, அது பெரும்பான்மைவாதம்.

ஆகவே இரு முனைகளிலும் விழிப்பு தேவை. அரசின் அத்துமீறலை எதிர்க்கிறோம் என்பதற்காகச் சமயத் தலைமையின் கொடுமைக்குத் துணைபோக முடியாது. அந்தக் கொடுமையை எதிர்க்கிறோம் என்பதற்காக மதவெறி அரசின் கைக்கருவியாகவும் முடியாது. சமயம் அரசைப் பொறுத்தமட்டில் தனிமனிதரின் சொந்த விவகாரமாக இருக்கவேண்டும் என்று லெனின் 1905இல் வகுத்த நிலை இந்த இரட்டைக் கடமையையே நமக்கு உணர்த்துகிறது.

வழிகாட்டும் முன்மாதிரியும் நம்மிடம் உள்ளது. மகாராஷ்டிரம் 2016இல் சமூகப் புறக்கணிப்புக்கு எதிரான சட்டத்தை இயற்றியது. மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று அது வகுக்கிறது. சாதிப் பஞ்சாயத்தானாலும் சமயத் தலைமையானாலும் அச்சட்டத்தின் முன் ஒன்றே. நரேந்திர தபோல்கர் நிறுவிய மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கம் இதற்காகத் தொடர்ந்து போராடியது. 2013 ஆகஸ்டில் புனேயில் அவர் சுட்டுக்கொல்லப்பட்ட பின்னும் தோழர்கள் அதைக் கைவிடவில்லை. எந்தச் சமயத்தையும் குறிவைக்காமல் புறக்கணிப்பு என்னும் செயலையே குற்றமாக்கியதில்தான் அச்சட்டத்தின் சிறப்பு இருக்கிறது.

இத்தகைய சட்டம் எல்லா மாநிலங்களிலும் வரவேண்டும். அதற்கான குரலைக் கட்சியின் வெகுசன அமைப்புகள் எழுப்ப வேண்டும். ஒவ்வொரு சமூகத்திற்குள்ளும் கணக்குக் கேட்பவர், கதவைத் தட்டுபவர், வாய்திறந்ததால் விலக்கப்பட்டவர் இருக்கிறார். நீதிமன்றத்தின் முடிவு எப்படி அமைந்தாலும், அவர் தனித்து நிற்க நேராமல் பார்த்துக்கொள்வது நமது பொறுப்பு.