திராட்சை வராது என்று சொல்பவர்களுக்கு



போன ஞாயிற்றுக்கிழமை மறைமலைநகர் பக்கம் என் தங்கை மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். பின்பக்கம் பத்தடிக்குப் பதினைந்தடி மண்தரை இருக்கிறது. மேஸ்திரி வந்து அளந்துகொண்டிருந்தார். முழுக்க சிமெண்ட் கல் பதிக்கப் போகிறானாம். "ஏன்டா, அந்த மூலையில திராட்சைக் கொடி வச்சிருந்தியே?" என்று கேட்டேன். "ரெண்டு தடவை வச்சேன் பெரியம்மா, ரெண்டு தடவையும் செத்துப்போச்சு. நம்ம ஊர் மண்ணுல திராட்சை வராது, விடுங்க" என்றான். சுற்றி இருந்த நாலு பேரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

சாப்பிடப் போன இடத்தில் சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன். அவனும் இதைப் படிப்பான். படிக்கட்டும்.

நம்ம ஊரில் திராட்சை வரும். செங்கல்பட்டிலும் வரும், மாமல்லபுரத்து மணலிலும் வரும். திருக்கழுக்குன்றத்தில் என் வீட்டுப் பந்தலில் 2017-இல் நட்ட கொடி இன்றும் காய்க்கிறது. தப்பு மண்ணில் இல்லை, நீங்கள் வாங்கி நட்ட ரகத்தில் இருக்கிறது. ரகத்தைத் தப்பாக எடுத்துவிட்டு மண்ணின் மேல் பழி போடாதீர்கள்.

அவன் என்ன வாங்கினான் தெரியுமா? "விதையில்லா திராட்சை". நர்சரியில் எல்லோரும் கேட்பது அதைத்தான், அதனால் அவர்களும் அதையே விற்கிறார்கள். கடையில் பச்சையாக, நீளமாகத் தொங்கும் அந்தப் பழம் பெரும்பாலும் தாம்சன் சீட்லெஸ் வகையைச் சேர்ந்தது. நாசிக், சாங்லி போன்ற மழை குறைந்த இடங்களில் விளைவது. அங்கே விவசாயிகள் வருடத்துக்கு இரண்டு தடவை, ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று, கவாத்து செய்கிறார்கள். அக்டோபரில் வெட்டிய பிறகு மொட்டு ஒரே சீராக வெடிக்க ஹைட்ரஜன் சயனமைடு தடவுகிறார்கள். குலை வந்ததும் ஜிபரெல்லிக் அமிலக் கரைசலில் முக்குகிறார்கள். ஏனென்றால் பழம் பருக்கத் தேவையான அந்தச் சத்தை உள்ளே இருக்கும் விதைதான் உண்டாக்கிக் கொடுக்கும். விதை இல்லாத பழத்துக்கு அதை வெளியிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

அது விஷம் என்று நான் சொல்லவில்லை. அந்த விவசாயிகளைக் குறை சொல்லவும் இல்லை. அவர்கள் செய்வது பெரிய வித்தை. ஆனால் அத்தனை பக்குவமும் கூடினால்தான் அந்தப் பழம் உருவாகிறது. அப்படிப்பட்ட கை தேர்ந்தவர்களுக்கே 2010-இல் குளோர்மெக்வாட் என்ற வளர்ச்சிக் கட்டுப்படுத்தி மிச்சம் இருந்ததால் ஐரோப்பாவுக்குப் போன பழங்களில் சிக்கல் வந்தது. அலுவலகம் போய்விட்டு ராத்திரி எட்டு மணிக்கு வீடு திரும்பும் என் தங்கை மகன் இதையெல்லாம் செய்வானா?

நாட்காட்டியையும் பாருங்கள். அக்டோபரில் வெட்டினால் நவம்பரில் பூ வரும். நாசிக்கில் அது வறண்ட காலம். நமக்கு? வடகிழக்குப் பருவமழை கொட்டோ கொட்டென்று கொட்டும் மாதம். இளந்தளிரும் பூவும் இருக்கும்போது பத்து நாள் அடைமழை பெய்தால் அடிச்சாம்பல் நோய் வரும், பூ கருகும், கொடி சாகும். அவன் கொடி இரண்டு தடவையும் செத்தது ஐப்பசி, கார்த்திகையில்தான். நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

சரி, எதை நடுவது? பன்னீர் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க் என்று புத்தகத்தில் பெயர். கம்பம் பள்ளத்தாக்கில் வருடம் முழுக்க விளைகிறதே, அதுதான். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் தமிழ்நாட்டிலேயே தேனி மாவட்டம் ஓடைப்பட்டியில் விதையில்லா திராட்சையும் விளைகிறதே என்று கேட்பீர்கள். விளைகிறது. அது மழை மறைவுப் பகுதி, செய்பவர்கள் பரம்பரையாகச் செய்பவர்கள். கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் நாம் அதோடு போட்டி போட வேண்டாம்.

உங்கள் வீட்டில் ஈரம் அதிகம், காற்றோட்டம் குறைவு என்றால் பெங்களூர் நீலம் வையுங்கள். அதில் அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் ரத்தம் ஓடுகிறது, பூஞ்சை நோயை மற்ற ரகங்களைவிட நன்றாகத் தாங்கும். தோல் தடிப்பு, கொஞ்சம் புளிக்கும். ஜூஸ் போட்டால் அதற்கு ஈடு கிடையாது. கையில் பறித்து வாயில் போட பன்னீர்தான்.

பன்னீருக்கு நம் வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு இது: டிசம்பர், ஜனவரியில் கவாத்து, ஏப்ரல், மே மாதத்தில் பழம். மறுபடி மே, ஜூனில் கவாத்து, ஆகஸ்ட், செப்டம்பரில் பழம். இதை நம்ம ஊர் மழைக்கணக்கோடு வைத்துப் பாருங்கள். இரண்டு பருவத்திலும் பழம் பறித்து முடித்த பிறகுதான் ஐப்பசி மழை வருகிறது. நமக்கென்றே போட்ட மாதிரி இருக்கிறது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால் இரண்டாவது பருவம் எனக்குப் பாதிதான் கிடைக்கும். ஆவணி மாதத்துச் சாயங்கால மழையில் பழம் வெடித்துவிடும். முதல் பருவம் என்னை ஏமாற்றியது குறைவு. முழுப்பரீட்சை லீவில் பேரப்பிள்ளைகள் வரும் நேரத்துக்குச் சரியாகப் பழுத்து நிற்கும்.

2022 டிசம்பர் 9-ஆம் தேதி ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்தில்தானே கரையைக் கடந்தது. என் பந்தல் கால் முறிந்து கொடியோடு தரையில் கிடந்தது. காலையில் பார்த்துவிட்டு அழுதேவிட்டேன். பிறகு யோசித்தேன், எப்படியும் வெட்டுகிற மாதம்தானே. கிழிந்ததை எல்லாம் கழித்துவிட்டு, பொங்கல் முடிந்ததும் கல்கால் நட்டுக் கம்பி இழுத்துக் கட்டினேன். அந்த மே மாதம் பழம் பறித்தேன். கொடி பந்தலில் இல்லை, வேரில் இருக்கிறது.

அடுத்தது கவாத்து. இதில்தான் எல்லோரும் தோற்கிறீர்கள். "டீச்சர், கொடி காடு மாதிரி படர்ந்திருக்கு, ஒரு குலை கூட இல்லை" என்று எத்தனை பேர் போன் செய்கிறீர்கள்! வெட்டினாயா என்று கேட்டால், பச்சையாக இருப்பதை எப்படி வெட்டுவது, பாவம் இல்லையா என்கிறீர்கள். பிறகு வீடியோ பார்த்துவிட்டு வெங்காயத் தோல் தண்ணீர், புளித்த மோர், எப்சம் உப்பு என்று ஊற்றுகிறீர்கள். ஊற்றினால் இலை இன்னும் பச்சையாகும், அவ்வளவுதான்.

திராட்சையில் குலை வருவது புதுத் தளிரில். அந்தத் தளிர் போன பருவத்தில் முற்றிப் பழுப்பான குச்சியில் இருந்து கிளம்ப வேண்டும். அந்தக் குச்சியை வெட்டினால்தான் மொட்டு விழிக்கும். தடித்த குச்சியில் ஆறு மொட்டு விடுங்கள், மெலிந்ததில் நாலு. மிச்சத்தைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் வெட்டுங்கள். இலையையும் உருவிவிடுங்கள். பந்தல் மொட்டையாக நிற்கும், வீட்டில் உள்ளவர்கள் உங்களைத் திட்டுவார்கள். இரண்டு வாரம் பொறுங்கள். தளிரோடு சேர்ந்து குலையும் எட்டிப் பார்க்கும்.

மண் பற்றிக் கேட்பீர்கள். ஓட்டை போட்ட பக்கெட்டில் வைக்காதீர்கள். மூன்றடி குழி வேண்டும். செங்கல்பட்டுப் பக்கச் செம்மண்ணுக்குத் தொழுவுரம் போதும். கடற்கரை மணலுக்கு செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து நிரப்புங்கள். தண்ணீர் தேங்கவே கூடாது. எட்டு மணி நேரம் வெயில் வேண்டும். உப்புத் தண்ணீர் மட்டும் ஆகாது, இதை மறைக்க மாட்டேன். வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீரை ஊற்றினால் இலை ஓரம் கருகும். பூஞ்சேரியில் என்னிடம் படித்த ஒரு பெண் மாடியில் விழும் மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்துக்கொண்டு, பங்குனி வரைக்கும் அதையே ஊற்றுகிறாள். சுத்த மணல். கொடி காய்க்கிறது.

மருந்து ஒன்றே ஒன்று வைத்திருக்கிறேன், போர்டோ கலவை. அமெரிக்காவிலிருந்து வந்த அடிச்சாம்பல் நோய் பிரான்ஸ் நாட்டுத் திராட்சையை அழித்தபோது 1885 வாக்கில் போர்டோ ஊர்ப் பக்கம் கண்டுபிடித்தது. பத்து லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம். தனித்தனியாகப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தக் கரைசலை சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்குங்கள். இரும்புக் கத்தியை முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கவாத்து முடிந்ததும் ஒரு தடவை, மழை தொடங்கும் முன் ஒரு தடவை. பழம் இருக்கும்போது அடிப்பதில்லை.

"கொட்டை இருக்கே டீச்சர், பிள்ளைங்க சாப்பிட மாட்டாங்க." இதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. சீதாப்பழத்தில் கொட்டை இல்லையா? தர்பூசணியில்? துப்பத் தெரியாத பிள்ளையா நாம் வளர்க்கிறோம்? திராட்சை பறித்த பிறகு பழுக்காது, அதில் இனிப்பு ஏறாது. கொடியிலேயே நிறம் கட்டிப் பழுத்த பன்னீரை ஒரு தடவை பிள்ளை வாயில் போட்டுப் பாருங்கள். அப்புறம் கொட்டையைப் பற்றிப் பேச்சே இருக்காது.

கடைசியாக ஒன்று. இதை எழுதவா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

முப்பது வருடத்துக்கு முன்னால் மூன்றாம் வகுப்பில் ஒரு பையனிடம், எல்லோர் முன்னாலும், "உனக்கு வாய்ப்பாடு வரவே வராது" என்று சொன்னேன். அந்த வருடம் பாதியிலேயே அவன் நின்றுவிட்டான். நான் வேறு விதமாகச் சொல்லிக்கொடுத்துப் பார்க்கவே இல்லை. எல்லோருக்கும் சொன்ன அதே மாதிரி அவனுக்கும் சொல்லிவிட்டு, வரவில்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். 2017-இல் ஒரு நாள் காலையில் வாசலில் வந்து நின்றான். லாரி ஓட்டுகிறான். கம்பத்தில் இருந்து கோயம்பேட்டுக்குத் திராட்சை ஏற்றி வந்தவன், "நீங்க தோட்டம் போடறீங்கன்னு சொன்னாங்க டீச்சர்" என்று ஈரச்சாக்கில் சுற்றிய எட்டுக் குச்சிகளைக் கொடுத்தான். டீசல், சுங்கம், பேட்டா, கமிஷன் எல்லாவற்றையும் காகிதம் இல்லாமல் வாயாலேயே கணக்குப் போட்டுச் சொன்னான். நான் அன்று சொன்னது அவனுக்கு ஞாபகம் இருந்ததா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்னும் கேட்கவில்லை.

அந்த எட்டில் ஐந்து துளிர்த்தது. இன்று என் பந்தலில் இருப்பது அதுதான். "வராது" என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

என் தங்கை மகனுக்கு: கல் பதித்துக்கொள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வெயில் படுகிற மூலையில் மூன்றடிக்கு மூன்றடி மட்டும் மண்ணாக விட்டு வை. தை மாதம் கவாத்து செய்யும்போது பென்சில் தடிமனில் நாலு மொட்டுக் குச்சிகளாக எடுத்துப் பையில் நட்டு வைக்கிறேன். ஆனி மாதம் வேர் பிடித்த கன்றாக நானே கொண்டு வந்து நட்டுத் தருகிறேன். வேண்டும் என்கிற மற்றவர்களும் சொல்லுங்கள், உங்களுக்கும் சேர்த்துப் பை போடுகிறேன். ஆனால் வெட்டுவேன் என்று எனக்கு வாக்குக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்